பங்கு வைத்த மாத்திரை

கோட்டைச்சாமியின் ஜீப்பைச் செய்தவர்கள் அதில் ஒன்பது பேர் உட்காரலாம் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். பாவம், அவர்கள் சுருளிப்பட்டிப் பெண்களைப் பார்த்ததில்லை. தினமும் விடிகாலை ஐந்து மணிக்கு அதில் பதினெட்டுப் பெண்கள் ஏறினார்கள். பதினெட்டுத் தூக்குவாளி, பதினெட்டு மழைத்தாள், ஆளுக்கொரு சாக்கு, வெற்றிலைப் பை. அதற்குமேல் ஒரு கொசு உள்ளே வர வேண்டுமென்றால் யாராவது ஒருத்தி மூச்சை வெளியே விட்டால்தான் இடம் கிடைக்கும். ஜீப் கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறும்போது இடப்பக்கம் இருந்த ஒன்பது பேர் வலப்பக்கத்து ஒன்பது பேர் மடியில் விழுவார்கள். அடுத்த வளைவில் கடன் திரும்பும். மேலே கேரள எல்லை தாண்டி ஏலத்தோட்டத்தில் இறங்கும்போது யாருடைய கால் எது என்று தேடி எடுத்துக்கொள்ளவே கால்மணி நேரம் ஆகும்.

இந்த ஜீப்புக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. யார் எந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலும் அது எல்லாருக்கும் பொது. ஒற்றைக் கடலைமிட்டாயைப் பதினெட்டாக உடைத்து, பத்தொன்பதாவது துகளை வண்டி ஓட்டுகிற கோட்டைச்சாமியின் வாயில் ஊட்டிவிட்டு, விரலில் ஒட்டிய வெல்லத்தை யார் நக்குவது என்று மூன்று வளைவுகள் விவாதித்த ஜீப் அது. எப்போதோ ஒருத்தி பசி தாங்காமல் ஒரு இட்லியைத் தனியாகத் தின்றுவிட்டாள். அன்றிலிருந்து அவள் பெயர் 'ஒத்த இட்லி'. பேரனுக்குப் பெண் கேட்டு வருசநாட்டுக்குப் போனால், அந்தப் பெயர் அவளுக்கு முந்தின பஸ்ஸில் போய் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தது.

இந்த ஜீப்பில் கஸ்தூரியம்மாளுக்கு முப்பது வருடமாக ஒரே இடம். பின்பக்கம், டயருக்கு மேலே, தூக்கிப் போடுகிற இடம். பக்கத்தில் அவள் அக்காள் அக்கம்மாள் உட்காருவாள். இருவரும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே காய் பறித்து, சேர்ந்தே இறங்கினார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்கம்மாள் மார்பில் கட்டி வந்து செத்துப்போனாள்.

அன்றைக்கு ஊரே அழுதது. அதே ஜீப்பில் வரும் முத்துலட்சுமி அழுத அழுகையில் சுருளி அருவிக்கே தண்ணீர் கூடியிருக்கும். கஸ்தூரியம்மாள் அழவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி போட்டாள். சீனி குறைந்தபோது கடைக்குப் போய் வாங்கி வந்தாள். பதினாறு முடிந்த மறுநாள் ஜீப்பில் ஏறினாள். அக்காள் உட்காரும் ஒரு சாண் இடத்தைப் பக்கத்தில் இருந்தவர்களின் இடுப்பு விரிந்து மூடியிருந்தது. அதுகூட அவளுக்கு ஒன்றுமாகப் படவில்லை. வெகுநேரம் மடக்கி வைத்த கால் மரத்துப்போவதுபோல உள்ளே ஓர் இடம் மரத்துக் கிடந்தது. தட்டினால் தட்டுகிற சத்தம் கேட்டது. தட்டியது தெரியவில்லை.

கஸ்தூரியம்மாள் மலையில் விழுந்ததையெல்லாம் எழுதினால் நாற்பது பக்க நோட்டு மூன்று வேண்டும். பாசிப் பாறையில் வழுக்கி, முதுகில் ஏலக்காய் மூட்டையோடு தென்னை உயரத்துக்கு உருண்டு, அடியில் எழுந்து நின்று தலைத்துண்டைச் சரிசெய்தபடி, காய் சிந்தவில்லை என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தவள் அவள். அப்படிப்பட்டவளுக்குக் கை ஒடிந்தது வீரபாண்டித் திருவிழாவில், கோயிலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றும்போது. ஒற்றைக் காலில் நின்றாள். யாரோ முழங்கையால் இடித்தார்கள். சாய்ந்து கையை ஊன்றினாள். முருங்கைக் கொம்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். கூட வந்த முத்துலட்சுமி, அந்தச் சத்தம் பொரிகடலைக் கடையிலிருந்து வந்தது என்று நினைத்து அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாளாம்.

தேனி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கட்டுப் போட்டதோடு விடாமல், நின்ற இடத்தில் இருந்து விழுந்ததற்கு மணிக்கட்டு இப்படி ஒடியக் கூடாதே என்று டாக்டர் தேவயானியிடம் அனுப்பினார்கள். அந்த அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். மெதுவாகப் பேசுவார், கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை பேனாவை மூடமாட்டார்.

உயரம் குறைந்திருக்கிறதா என்று கேட்டார். கஸ்தூரியம்மாளுக்குத் தன் உயரம் என்றைக்கும் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். ஜீப்பின் மேல்கம்பி கொஞ்ச நாளாகக் கைக்கு எட்டுவதில்லை. கோட்டைச்சாமிதான் கம்பியை உயர்த்திக் கட்டிவிட்டான் என்று அவனிடம் ஆறு மாதம் பேசாமல் இருந்தாள். டாக்டர் அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டார்.

மாதவிடாய் எந்த வயதில் நின்றது என்று கேட்டார். நாற்பத்துநாலில் என்றாள். இப்போது ஐம்பத்தெட்டு. அதற்குப் பிறகு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, நின்ற ஒன்றை என்னத்தைப் பார்ப்பது என்று கஸ்தூரியம்மாளுக்குப் புரியவில்லை.

எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தார்கள். மைனஸ் மூன்று என்று வந்தது. மைனஸ் இரண்டரைக்குக் கீழே போனாலே நோய் என்று கணக்காம். டாக்டர் பொறுமையாக விளக்கினார். எலும்பு கல் இல்லை, உள்ளே தினமும் கொஞ்சம் கரைந்து கொஞ்சம் கட்டிக்கொண்டே இருக்கும். பெண்களுக்குச் சுரக்கிற ஹார்மோன் அந்தக் கரைச்சலுக்குக் காவல். அது நின்றபின் கரைவது அதிகம், கட்டுவது குறைவு.

கூட உட்கார்ந்திருந்த முத்துலட்சுமிக்கு உடனே வழி பிறந்துவிட்டது. நின்றுபோன சரக்கை மாத்திரையாகக் கொடுத்தால் முடிந்தது, இதற்கு எதற்கு இவ்வளவு பேச்சு என்றாள். டாக்டர் சிரிக்காமல் கஸ்தூரியம்மாளைப் பார்த்து, கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது மார்பில் கட்டி வந்திருக்கிறதா என்று கேட்டார்.

"எங்க அக்காவுக்கு வந்துச்சு. செத்துப்போச்சு," என்றாள் கஸ்தூரியம்மாள், கம்பத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தார். மாதவிடாய் நின்று பதினாலு வருடமும் ஆகிவிட்டது, அக்காவுக்கும் அப்படி, ஆகவே ஹார்மோன் இவருக்கு வேண்டாம், அது இல்லாமலே எலும்பைக் காப்பாற்றலாம் என்றார். எழுதிக் கொடுத்த சீட்டு ஒரு கல்யாணத்துக்கு மளிகை எழுதின மாதிரி நீளம். வாரம் ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு. அரைமணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது, காப்பி கூடாது. ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு சுண்ணாம்புச் சத்து. அப்புறம் கேழ்வரகு, எள், நெத்திலி. இடுப்பை வளைத்துக் குனியாமல் சிறு முக்காலி போட்டு உட்கார்ந்து காய் பறிக்க வேண்டும். வைட்டமின் டி தனி.

அந்த வைட்டமின் டி விஷயத்தில் மட்டும் டாக்டருக்கே ஆச்சரியம். தேனிச் சீமையில் வெயிலுக்கா பஞ்சம். சித்திரையில் மொட்டைமாடியில் முட்டையை உடைத்தால் அது குஞ்சாவதா ஆம்லெட் ஆவதா என்று யோசிக்கிற வெயில். ஆனால் கஸ்தூரியம்மாள் முப்பது வருடமாக இருட்டில் ஏறினாள், இருட்டினபின் இறங்கினாள், பகல் முழுக்க ஏலச்செடிக்காக வளர்த்த பெருமரங்களின் நிழலில், அட்டைக்கும் மழைக்கும் பயந்து முழுக்கைச் சட்டை போட்டு இருந்தாள். வெயில் அவளைத் தேடித் தேடி அலுத்துத் திரும்பிப் போயிருந்தது.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவள் ஜாய்ஸ். குமுளிப் பக்கத்துப் பெண், பாதித் தமிழ், பாதி மலையாளம். நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். ஒற்றைக் காலில் நின்று பழக வேண்டும், ஆனால் சுவர் ஓரமாக. "ஒரு நேரத்துக்குப் பத்து மதி அம்மா. ஆனா தெவசமும் வேணும்," என்றாள். பத்து போதும், ஆனால் தினமும் செய்ய வேண்டும் என்று அர்த்தம். கஸ்தூரியம்மாள் பத்து செய்தாள். பத்தாவது செய்யும்போதும் முகம் முதலாவதில் இருந்த மாதிரியே இருந்தது.

மகன் முத்துப்பாண்டி திருப்பூரிலிருந்து ஓடி வந்தான். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வெட்டி வெட்டிப் பேசுகிற ஆள். மலையும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், இன்றைக்கே கிளம்பு என்றான். திருப்பூரில் அவன் வீடு மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல், அதைத் திறந்தால் அதற்கு எதிர்வீட்டு ஜன்னல். கஸ்தூரியம்மாள் அங்கே ஒரு தடவை பத்து நாள் இருந்தாள். பத்து நாளும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பத்தாவது நாள் மருமகள் அவள்மேல் தூசி தட்டிவிட்டதாக முத்துலட்சுமி ஊரெல்லாம் சொன்னாள்.

கடைசியில் டாக்டர் முன்னிலையிலேயே ஒப்பந்தம் ஆனது. ஒரு வருடம் மருந்து. அப்புறம் மறுபடி ஸ்கேன். தேறியிருந்தால் அவள் ஊரிலேயே இருக்கலாம். தேறவில்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூர். கஸ்தூரியம்மாள் சரி என்றாள். அவள் அப்போதெல்லாம் எதற்கும் சரி என்றுதான் சொன்னாள்.

கை கூடியதும் மறுபடி மலைக்குக் கிளம்பினாள். மாத்திரைக்குப் புதன்கிழமை என்று வைத்துக்கொண்டாள். எங்கே வைத்துச் சாப்பிடுவது என்று யோசிக்கவே தேவையில்லை. விடிகாலை, வெறும் வயிறு, ஒரு மணி நேரம் படுக்கவோ குனியவோ முடியாத இடம் என்றால் உலகத்திலேயே அந்த ஜீப்தான். அதில் படுக்க வேண்டுமென்றால் இறந்தால்கூட முடியாது. உட்கார்ந்த வாக்கில்தான் இறக்கி வைக்க வேண்டும்.

முதல் புதன்கிழமை. கம்பம் தாண்டியதும் அட்டையைப் பிரித்து ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். சரக்கென்று தாள் கிழிந்த சத்தம் கேட்டு ஜீப்பே திரும்பியது.

"என்ன மதினி, தனியாப் பிரிச்சுத் திங்கிற," என்றாள் முத்துலட்சுமி.

"எலும்பு மாத்திர."

"எங்களுக்கெல்லாம் எலும்பு இல்லையாக்கும்."

கஸ்தூரியம்மாள் அட்டையைப் பார்த்தாள். அட்டையில் இன்னும் மூன்று இருந்தது. நீட்டினாள். கொடுக்க வேண்டுமென்றும் தோன்றவில்லை, கொடுக்கக் கூடாதென்றும் தோன்றவில்லை. ஜீப்பில் பொட்டலம் பிரித்தால் கை தானாக நீளும். அது நீண்டது.

அந்த வாரம் முத்துலட்சுமி கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள். அடுத்த வாரம் சொர்ணலதா. அதற்கடுத்த வாரம் பாண்டீஸ்வரி. மாதம் ஓர் அட்டை, அட்டைக்கு நாலு, கஸ்தூரியம்மாளுக்கு ஒன்று போக மற்ற மூன்றும் முறை வைத்துப் போயின. முறை தவறினால் சண்டை வந்தது. முட்டி வலி, குதிகால் வலி, பல் ஆட்டம், மருமகள் பேச்சு எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து என்று ஆகிவிட்டது. ஒருத்தி, அதைச் சாப்பிட்ட பிறகு தான் வளர்ந்துவிட்டதாகவே சொல்லிப் பாவாடையை இறக்கித் தைத்தாள். கோட்டைச்சாமியும் விடவில்லை. "ஏன் சித்தி, ஆம்பளையெல்லாம் என்ன பஞ்சு அடைச்சா செஞ்சிருக்கு," என்று கையைப் பின்னால் நீட்டினான். வருடத்துக்குப் பன்னிரண்டு அட்டை, முப்பத்தாறு பங்கு. பதினேழு பெண்களும் ஓட்டுகிறவனுமாகப் பதினெட்டுப் பேர், தலைக்கு இரண்டு. அளந்து ஊற்றின மோர் மாதிரி ஒரு சொட்டுக் கூடாமல் குறையாமல் பங்கு முடிந்தது.

இடையில் சொர்ணலதாவுக்கு மட்டும் ஒரு தடவை நெஞ்சு எரிந்தது. அவள் மாத்திரையை விழுங்கின கையோடு, தண்ணீரும் குடிக்காமல், தோட்டத்தில் இறங்கித் தலைகுப்புறக் குனிந்து காய் பறித்திருக்கிறாள். ஏலக்காய் செடியின் காலடியில், தரையை ஒட்டிக் காய்க்கும். ஒரு மணி நேரத்தில் உள்ளே அடுப்பு மூட்டியதுபோல் எரிகிறது என்று உட்கார்ந்துவிட்டாள். மாரடைப்பு என்று ஒருத்தி, மலைக்காற்று அடித்துவிட்டது என்று ஒருத்தி. பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார்கள், இன்னும் எரிந்தது. மூன்று நாள் கஞ்சி குடித்துத் தேறினாள். மாத்திரையை யாரும் சந்தேகப்படவில்லை. அது எலும்புக்கான மாத்திரை, நெஞ்சில் அதற்கு என்ன வேலை.

கஸ்தூரியம்மாள் கேழ்வரகு தின்றாள், நெத்திலி தின்றாள், பத்து தடவை எழுந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சீட்டில் எழுதியிருந்தபடி செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வாசலில் வெயிலில் அரைமணி நேரம் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். சூடாக இருக்கிறதா என்று எதிர்வீட்டுக்காரி கேட்டால், இருக்கும் என்றாள்.

வருடம் முடிந்தது. மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுக்கு ஒரு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். டாக்டர் தேவயானி இரண்டையும் விளக்கு வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். மைனஸ் மூன்று இப்போது மைனஸ் மூன்று புள்ளி இரண்டு. அதைவிட மோசம், சங்கிலிபோல் கோத்த முதுகெலும்பில் ஒரு கண்ணி முன்பக்கம் அமுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தது.

"இது எப்ப ஆச்சு? வலிக்கலையா?"

"தெரியலம்மா."

"முதுகுல ஒரு எலும்பே நசுங்கியிருக்கு. தெரியலையா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். ஆவணி மாதம் ஒரு வளைவில் ஜீப் தூக்கிப் போட்டபோது முதுகில் ஏதோ படக்கென்றது. அதற்கப்புறம் நாலைந்து நாள் பாரமாக இருந்தது. எல்லா நாளும்தான் பாரமாக இருந்தது. அதில் எது முதுகு எது மற்றது என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

டாக்டருக்கு எங்கேயோ இடித்தது. மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட்டீர்களா என்றார். சாப்பிட்டேன் என்றாள். பச்சைத் தண்ணீரிலா, ஆமாம். அரைமணி நேரம் நிமிர்ந்து இருந்தீர்களா, ஒரு மணி நேரமே இருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

"ஒரு வாரம் விடாம சாப்ட்டீங்களா?"

"ஒரு வாரம் விடாம சாப்ட்டாக."

"யாரு சாப்ட்டாங்க?"

"எல்லாரும்தான். எனக்கு மாசத்துக்கு ஒண்ணு."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். கஸ்தூரியம்மாள் ஜீப்பின் சட்டத்தை அவருக்கு விளக்கினாள். கடலைமிட்டாயிலிருந்து ஆரம்பித்து, கோட்டைச்சாமி கை நீட்டியது, சொர்ணலதாவின் நெஞ்செரிச்சல் எல்லாவற்றையும், ஒன்றும் விடாமல், ஒன்றும் கூட்டாமல் சொன்னாள். டாக்டர் முகம் மூன்று நிறம் மாறியது. முதலில் கோபம். அப்புறம் சிரிப்பு வரப் பார்த்தது. சொர்ணலதா வந்ததும் இரண்டும் போய்ப் பயம் வந்தது. அந்த மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், ஆளைச் சோதிக்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது, அந்தப் பதினேழு பேரும் கண்டிப்பாக வந்து பார்க்க வேண்டும் என்றார். பெருமூச்சு விட்டுவிட்டு, ஓட்டுகிறவரும், என்று சேர்த்துக்கொண்டார்.

இனி மாத்திரை கிடையாது என்று முடிவானது. அதற்குப் பதில் வருடத்துக்கு ஒரே ஒரு தடவை கை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற மருந்து. சிறுநீரகத்துக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு அடுத்த வாரம் போடலாம். மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பயப்பட வேண்டாம். கடைசியாக டாக்டர் அதையும் சொன்னார். ஜீப் கூடாது. குனிந்து பறிக்கிற வேலையும் கூடாது. இன்னொரு கண்ணி நசுங்கினால் நிமிரவே முடியாது.

கஸ்தூரியம்மாள் சரி என்றாள்.

செய்தி ஜீப்புக்குப் போனதும் அன்றைக்கு மலையேறும்போது யாரும் பேசவில்லை. அந்த ஜீப்பின் வரலாற்றில் அப்படி ஒரு அமைதி இருந்ததே கிடையாது. இஞ்சின் சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டதாகக் கோட்டைச்சாமி சொன்னான். ஏதோ கோளாறு என்று நினைத்து வண்டியை நிறுத்தி இறங்கியே பார்த்தானாம்.

மருந்து ஏற்றுகிற நாளில் ஜீப் மலைக்குப் போகவில்லை. பதினேழு பேரும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தேனிக்குத் திருப்பச் சொன்னார்கள். கஸ்தூரியம்மாளைப் பஸ்ஸில், முன் சீட்டில் உட்காரவைத்து முத்துலட்சுமி கூட்டிப் போனாள். பின்னால் ஜீப் வந்தது. பிறந்ததிலிருந்து மலையே ஏறிப் பழகிய வண்டி அது. நேர்ரோட்டில் வளைவைத் தேடித் தேடி, கிடைக்காமல், சின்னமனூர்ப் பக்கம் ஒரு தோப்புக்குள் திரும்பியே விட்டது என்று பாண்டீஸ்வரி சொன்னாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஜீப்பிலிருந்து பதினாறு பெண்கள் இறங்கி, இறங்கி, இன்னும் இறங்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்த காவலாளி, பெரிய விபத்து என்று ஸ்ட்ரெச்சருக்குக் குரல் கொடுத்தார். நோயாளியோடு ஒருவர்தான் உள்ளே போகலாம் என்று விதி. அவரோடு வாதாடி ஜெயிக்க அவர்களுக்கு எட்டு நிமிடம் ஆனது. அதுவும் ஐந்து நிமிடம் அவர் தன் முட்டி வலியைச் சொன்னதால்தான். ஜாய்ஸ் எல்லாரையும் நடைபாதை பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து, யாருக்கு எந்த வயதில் நின்றது என்று எழுதிக்கொண்டே போனாள். கோட்டைச்சாமி முறை வந்தபோது அவன் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தான். பிறகு அத்தனை பேரையும் கை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொன்னாள். பெஞ்சு தரையோடு முட்டிக்கொண்ட சத்தத்தில் மேல்மாடியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள்.

உள்ளே கட்டிலில் கஸ்தூரியம்மாள் படுத்திருந்தாள். இடக்கையில் ஊசி. கம்பியில் சின்ன மருந்துப் பை. சொட்டுகள் நிதானமாக விழுந்தன. முத்துலட்சுமி பக்கத்தில் ஸ்டூலில் இருந்தாள். அவளால் சும்மா இருக்க முடிந்த நேரம் அவ்வளவுதான்.

"ஒன் எலும்பத்தான் மதினி நாங்க பங்கு போட்டுத் தின்னுருக்கோம்."

"நான்தான குடுத்தேன்."

"வாரம் ஒண்ணு ஒனக்குன்னு டாக்டரம்மா எழுதிக் குடுத்தாகளா இல்லையா? நானும்தான் பக்கத்துல இருந்தேன். தெரிஞ்சிருந்தும் ஏன் குடுத்த?"

கஸ்தூரியம்மாள் மருந்துப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எதுக்குன்னு தோணுச்சு," என்றாள்.

   முத்துலட்சுமி முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். கஸ்தூரியம்மாளின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்போது போன் அடித்தது. முத்துப்பாண்டி. முத்துலட்சுமி போனை அவள் காதில் வைத்துப் பிடித்தாள். ஸ்கேன் என்ன ஆயிற்று என்று அவன் கேட்டான். அவள் சொன்னாள், மூன்று புள்ளி இரண்டையும் நசுங்கின கண்ணியையும். அந்தப் பக்கம் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. மகன் குரல் இறங்கிவிட்டது. இனிப் பேச ஒன்றுமில்லை, சனிக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன், வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று யோசித்து வை என்றான்.

அவள் வாயில் சரி என்ற சொல் தயாராக இருந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வெளியே பெஞ்சு மறுபடி இடித்தது, யாரோ சிரித்தார்கள். அவள் சொன்னது வேறாக இருந்தது.

"அந்த வருசம் சேராதுடா."

"என்னம்மா சேராது?"

"ஒரு வருசம் மருந்து தின்னு தேறலைன்னா வரணும்னுதான பேச்சு. நான் எங்க தின்னேன். பன்னண்டு தின்னேன். மிச்சத்த இவளுக தின்னாளுக. நீ கூட்டிட்டுப் போறதுன்னா இவளுகளத்தான் கூட்டிட்டுப் போகணும்."

முத்துப்பாண்டி அதட்டிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். பதினேழு பேருக்கு மூன்றாவது மாடியில் இடம் இல்லை என்று அவனுக்கே தெரியும். மலைக்குப் போய் முதுகை முழுசாக முறித்துக்கொள்ளப் போகிறாயா என்றான்.

"மலைக்குப் போகல. ஜீப்புல இனி ஏற மாட்டேன்."

சொல்லிவிட்டு அவள் கொஞ்சம் காத்திருந்தாள், எங்காவது வலிக்கிறதா என்று. வலிக்கவில்லை. முத்துலட்சுமிக்குத்தான் வலித்தது. அவள் போனைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு மறுபடி முந்தானையைத் தேடினாள்.

கம்பத்தில் ஏலக்காய் தரம் பிரிக்கிற கடை இருக்கிறது, மேஜை உயரத்தில் தட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கிற வேலை, அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து நடந்தால் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார், டவுன் பஸ்ஸில் போய்வருவேன் என்று சொன்னாள். இதையெல்லாம் எப்போது விசாரித்தாள் என்று முத்துலட்சுமிக்கே தெரியாது.

"அடுத்த வருசமும் தேறலைன்னா?" என்றான் மகன்.

"மருந்து முழுசும் எனக்கே ஏறியும் தேறலைன்னா வாரேன்."

"இதையும் நீ யாருக்காச்சும் குடுத்துருவ."

"எப்படிடா குடுக்க. கையில குத்தி வச்சிருக்காக."

அவன் சிரித்தானா அழுதானா என்று மெஷின் சத்தத்தில் தெரியவில்லை. போனை வைத்துவிட்டான்.

மருந்துப் பையில் கால்வாசி மிச்சம் இருந்தது. முத்துலட்சுமி, போதுமா, நர்சைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். இன்னும் இருக்கு, என்றாள் கஸ்தூரியம்மாள். கண்ணை எடுக்காமல், கையை அசைக்காமல், பை சுருங்கிக் குழாய் வெறுமையாகும்வரை படுத்திருந்தாள்.